சிங்கக் குட்டியும் பின்னால் ஓட்டும் பொத்தானும்

அன்பின் அக்கா,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். கனடாவில் உள்ள என் தமையன், மகனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்றை அனுப்பினார். பழைய 'லயன் கிங்' விளையாட்டும் அதில் இருக்கிறது. மகனுக்கு ஒன்பது வயது. இரண்டாவது லெவலில் குரங்குகள் சிங்கக் குட்டியைத் தூக்கி எறியும் இடத்தில் விழுந்துகொண்டே இருக்கிறான். விழுந்ததும் ஒரு பொத்தானை அமத்துகிறான், விளையாட்டு பின்னால் ஓடுகிறது, விழுவதற்கு முந்திய இடத்துக்குப் போய்விடுகிறான். இது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் காலத்தில் இந்த வசதி இல்லை. அந்த விளையாட்டுகள் எங்களுக்குப் பொறுமையைப் பழக்கின. இந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்று அவனுக்குச் சொல்லலாமா? சின்னத் திரையால் கண் கெடுமா? தமிழில் ஏன் இப்படி விளையாட்டுகள் வருவதில்லை?

ச., உப்புவெளி

அன்பின் தம்பி,

கண்ணைப் பற்றிக் கண் வைத்தியரிடம் கேளுங்கள். தமிழில் ஏன் வருவதில்லை என்பது பெரிய கதை, இன்று வேண்டாம். என்னை மறித்தது உங்கள் பொறுமை வரிதான். கொஞ்ச நாளாக இதைப் பலர் வாயிலும் கேட்கிறேன். லாம்பு வெளிச்சத்தில் படித்தோம், பாணுக்கு வரிசையில் நின்றோம், அதனால்தான் நல்ல மனிதராக வந்தோம் என்கிறார்கள். எங்கள் தலைமுறையைப் பிடித்த வியாதி இது.

முதலில் அந்தக் குரங்குகள் எப்படி வந்தன என்று கேளுங்கள். டிஸ்னியின் 'லயன் கிங்' படம் 1994இல் வந்தது, விளையாட்டும் அதே ஆண்டில். செய்தது வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூயிஸ் காசில், இரண்டாவது லெவல் ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அமெரிக்காவில் அப்போது விளையாட்டுகளை வீடியோக் கடையில் வாடகைக்கு எடுக்கலாம். சனி ஞாயிறுக்குள் பிள்ளை வெகுதூரம் போய்விட்டால் பிறகு யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். ஆகவே சீக்கிரமே மறிக்க வேண்டும் என்பது டிஸ்னியின் விருப்பம். மறித்தார்கள். குரங்கைப் பார்த்துக் கர்ஜித்தால் அது மறுபக்கம் திரும்பும். எதைத் திருப்ப வேண்டும், எதை விட வேண்டும் என்பதைப் பிள்ளை விழுந்து விழுந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். வாடகைக் கடைக்கு எதிராகக் கட்டிய மதில் அது தம்பி. பொறுமையைப் பழக்க யாரும் கட்டவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்கு ஒரு கேம்போய் வந்தது, கையில் பிடித்து விளையாடும் நின்டெண்டோவின் பழைய கருவி. கப்பலில் வேலை செய்த மாமா கொண்டுவந்தார். அதிலும் இதே சிங்கக் குட்டிதான், ஆனால் நிறம் கிடையாது. 160க்கு 144 புள்ளிகள் கொண்ட பாசி நிறத் திரை, நான்கே சாயல்கள். திரைக்குள் வெளிச்சமும் இல்லை. கரண்ட் போன இரவில் லாம்புக்குப் பக்கத்தில் எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் குட்டி எது, புல் எது என்று தெரியாது. பகலில் முற்றத்துக்குக் கதிரையைக் கொண்டுபோய் விளையாடுவோம். அண்ணாவுக்கும் அவனுடைய கூட்டாளிகளுக்கும் கை வலித்த பிறகுதான் எனக்குக் கிடைக்கும்.

நான்கு சின்ன பற்றரியில் அது பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். போட்டி நிறுவனமான சேகாவின் கேம் கியர் கருவிக்கு நிறத்திரை, ஆனால் ஆறு பற்றரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம்போயை உருவாக்கிய குன்பெய் யோகொய், பழகிப்போன மலிவான பாகங்களையே வேண்டுமென்று தெரிவு செய்தவர். பற்றரிக்குக் காசு சேர்த்த பிள்ளையாக அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சம்பூரிலிருந்து சின்னம்மாவின் மகன் விடுமுறைக்கு வருவான். என்னைவிட இளையவன். மூதூருக்கு வந்து லோஞ்ச் படகில் ஏறி, வரிசையில் நின்று, சோதனை முடித்து வர வேண்டும். திரும்பிப் போகும்போது பற்றரி கொண்டுபோக முடியாது. சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அரசாங்கம் தடுத்த பொருட்களில் அதுவும் ஒன்று, உங்களுக்கும் நினைவிருக்கும். ஒருமுறை அண்ணா, கேம்போயை இவனே கொண்டுபோகட்டும் என்றான். அம்மா விடவில்லை. பற்றரி இல்லாத பெட்டியை வைத்து அவன் என்ன செய்வான்? இது என்ன கருவி என்று வழியில் கேட்டால் சின்னப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

அவன் அந்த லெவலைக் கொப்பியில் கீறிக்கொண்டு போனான். தீக்கோழியின் முதுகில் போகும்போது எங்கே தாவுவது, எங்கே குனிவது, எங்கே இரண்டு தரம் தாவுவது, எல்லாம். அடுத்த விடுமுறைக்கு வந்தவன் முகம் கழுவ முன்னமே கேம்போயைக் கேட்டான். கொப்பியை மடியில் விரித்து வைத்து, நாங்கள் விழுந்துகொண்டிருந்த இடத்தைத் தாண்டினான். அண்ணா அவனைத் தூக்கிக்கொண்டு முற்றம் முழுக்க ஓடினான்.

இதைச் சொன்னால் எல்லோரும் உருகுகிறார்கள். பாருங்கள், அந்தக் காலத்துப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வரும். அந்தப் பிள்ளைக்குப் பற்றரி கிடைத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்க அவன் விரும்பவில்லை, காக்க வைத்தார்கள். கெட்டித்தனம் அவனுடையது. அந்தப் பெருமையைத் தூக்கி ஏன் தடைக்குக் கொடுக்கிறீர்கள்? அவனிடம் இந்தப் பொத்தான் இருந்திருந்தால் நூறு தரம் அமத்தியிருப்பான். அவன் அமத்துவதை நான் பக்கத்தில் இருந்து ஆசை தீரப் பார்த்திருப்பேன். எங்களிடமிருந்து பறித்ததை எல்லாம் எங்களுக்குக் கொடுத்த பரிசு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பறித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேண்டுமா? உங்கள் மகனுக்குக் கரண்ட் இருக்கிறது, சார்ஜர் இருக்கிறது, தூரத்திலிருந்து நினைத்து அனுப்பும் பெரியப்பா இருக்கிறார். அவனுக்காகச் சந்தோஷப்பட உங்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

2019இல் அந்த விளையாட்டைத் திரும்ப வெளியிட்டவர்கள் பொத்தானைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். முழு ஆட்டத்தையும் ஓடவிட்டுப் பார்த்து, விரும்பிய இடத்தில் நாமே கையில் எடுக்கவும் அதில் வழி உண்டு. மகனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பின்னால் ஓட்டும்போது அவன் சும்மா இருப்பதில்லை. எந்தக் கணத்தில் பிழை நடந்தது, எந்தக் குரங்கு தவறான பக்கம் பார்த்தது என்று தேடுகிறான். சம்பூர்ப் பிள்ளை கொப்பியில் செய்த வேலையை இவன் விரலால் செய்கிறான். வாடகைக் கடைகளே மறைந்துவிட்டன, மதிலை மட்டும் காப்பாற்றி ஒன்பது வயதுப் பிள்ளையின் முன்னால் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

ஆகவே தடுக்காதீர்கள். அதே தொகுப்பில் பழைய கேம்போய்ப் பதிப்பும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டு நீங்கள் விளையாடுங்கள், மகன் பக்கத்தில் இருக்கட்டும். எங்கே தாவுவது என்று அவன் சொல்லுவான், மறுக்காமல் கேளுங்கள். பொத்தானை நீங்கள் எத்தனை தரம் அமத்தினீர்கள் என்று அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா