ரிமோட்டில் பறக்கும் மாடல் ஹெலிகாப்டரில் (ஹெலி) பெரிய பேட்டரி போட்டால் மூக்கு தொங்குகிறதே, டிரிம் (ரிமோட்டில் செய்யும் சிறு திருத்தம்) வைத்தால் போதுமா?

போதாது. டிரிம் கோளாறை மறைக்கும், எடையை நகர்த்தாது. ஹெலியின் எடை மையம் மெயின் ஷாஃப்ட்டின் (மேல் விசிறியைச் சுழற்றும் தண்டு) நேர்கோட்டில் விழ வேண்டும்.

450 ரக (சிறிய அளவு) ஹெலியில் 180 கிராம் பேட்டரியின் நடுப்பகுதி ஷாஃப்ட்டிலிருந்து 70 மி.மீ. முன்னால் இருந்து, ஹெலி சமமாக நின்றது என்று வையுங்கள். 180 × 70 = 12,600. புதிய பேட்டரி 270 கிராம் என்றால் 12,600 ÷ 270, ஏறக்குறைய 47 மி.மீ. அதாவது 23 மி.மீ. பின்னால் தள்ளுங்கள்.

பிறகு பிளேடுகளை வாலுக்குக் குறுக்காகத் திருப்பி, இரண்டு பிளேடு கிரிப்புகளின் (பிளேடைப் பிடித்திருக்கும் பாகங்கள்) அடியிலும் ஒவ்வொரு விரல் கொடுத்துத் தூக்குங்கள். ஸ்கிட் (ஹெலி நிற்கும் கால்) தரைக்கு இணையாக நின்றால் சரி. இதில் சிறு பிசகு தெரியாது; ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்து, ஷாஃப்ட்டைக் கிடையாகப் பிடித்துப் பார்த்தால் மூக்கு உடனே காட்டிக்கொடுக்கும்.

பின்னால் இடமில்லையா? முன்னால் இருக்கும் ஈஎஸ்சியை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பின்னுக்கு மாற்றுங்கள். பேட்டரியை நகர்த்தாமல், ஷாஃப்ட்டிலிருந்து 420 மி.மீ. தள்ளி வால் நுனியில் 15 கிராம் ஈயம் ஒட்டினாலும் கூடிய 90 கிராமுக்குக் கணக்கு நேராகும்தான் (90 × 70 = 15 × 420). ஆனால் வால் திரும்புவதும் நிற்பதும் மந்தமாகிவிடும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளைபார்லெஸ் ஹெலியில் (நிலைப்படுத்தும் குறுக்குக் கம்பி இல்லாமல் மின்னணு கைரோவை நம்பும் வகை) கூடுதல் கவனம் தேவை. கைரோ ஹோவரில் (ஒரே இடத்தில் மிதக்கும்போது) சமாளித்துவிடுவதால் மூக்கு கனப்பது தெரியாது. பிளேடுகளின் கோணத்தை மாற்றும் சர்வோ மோட்டார்கள் மட்டும் ஓயாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்.