‘நான் யார்?’ என்று இருபது முறை கேட்டால்: சுயமும் சமூகமும், கேள்வி பதில்

சார், எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக 60 கல்லூரி மாணவர்களிடம் ‘நான் யார்’ சோதனை நடத்தப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? – முதுகலை மாணவி

அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கூனும் மெக்பார்ட்லண்டும் 1954-ல் வெளியிட்ட சோதனை இது. ஒரு தாள், ‘நான்…’ என்று தொடங்கும் இருபது வெற்று வரிகள், 12 நிமிடம். ‘யாரிடமோ சொல்வதுபோல் வேண்டாம், உங்களுக்கே சொல்லிக்கொள்வதுபோல் எழுதுங்கள்; வரிசை, தர்க்கம் பற்றிக் கவலை வேண்டாம்’ என்ற குறிப்பை விட்டுவிடாதீர்கள். விட்டால் பயோடேட்டாதான் வரும்.

பெரும்பாலும் கெடுவது தாளுக்கு முன்னால் நடப்பவற்றால். பெயர், ஊர், மதம், தந்தை தொழில் என்று ஒரு படிவத்தை முதலில் நிரப்ப வைத்தால், அடுத்த ஐந்து வரியில் அதுவே திரும்பி வரும். அந்தப் படிவத்தைக் கடைசியில் கொடுங்கள். வகுப்பறையில் பேராசிரியர் நிற்கும்போது எழுதச் சொன்னால் ‘நான் மாணவன்’ முதல் வரியில் ஏறி உட்காரும். அதை வைத்து ‘இவர்கள் சமூகப் பாத்திரத்தால் தங்களை வரையறுக்கிறார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள்.

வகைப்படுத்த மூன்று பெட்டி போதும்: தனிப்பண்பு (‘நான் கோபக்காரி’), உறவு (‘நான் மூத்த மகள்’), குழு (‘நான் என்.எஸ்.எஸ். உறுப்பினர்’). ‘நான் நல்ல மகள்’ எதில் சேரும்? ‘வகுப்பில் அமைதி, வீட்டில் வாயாடி’ எதில்? இப்படிப்பட்டவற்றுக்கு விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு, கப்பா (இருவர் குறியீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் அளவு) 0.7-க்குக் கீழே இருந்தால் விதியைத் திருத்தி மறுபடி குறியிடுங்கள். பலர் இருபதையும் முடிக்க மாட்டார்கள். அதனால் எண்ணிக்கையை ஒப்பிடாமல் விகிதத்தை ஒப்பிடுங்கள்.

அதே சோதனையில் ஜப்பானியர்கள் ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று குறைவாகவே எழுதுகிறார்களாமே. அவர்களுக்குத் தனிச் சுயம் மங்கல் என்றுதானே பொருள்? – அதே மாணவி

கசின்ஸ் 1989-ல் காட்டியதை அதோடு சேர்த்துப் படியுங்கள். வெறும் தாளில் அமெரிக்க மாணவர்கள்தான் குணங்களை அதிகம் எழுதினார்கள். ‘வீட்டில் நான்’, ‘கல்லூரியில் நான்’, ‘நண்பர்களிடம் நான்’ என்று சூழலைக் கொடுத்ததும் நிலைமை தலைகீழானது: ஜப்பானியர்கள் குணங்களைத் தெளிவாக எழுத, அமெரிக்கர்களின் வரிகளில் ‘சில சமயம்’, ‘இந்த இடத்தில் மட்டும்’ என்ற ஒட்டுகள் கூடின. எங்கே, யாரோடு என்று சொல்லாமல் கேட்பது ஒரு சாராருக்கு இயல்பு, மறு சாராருக்கு அரைகுறைக் கேள்வி. உங்கள் 60 பேரில் பாதிப் பேருக்குச் சூழல் குறித்த தாளைக் கொடுத்துப் பாருங்கள். ப்ராஜெக்டே அதில்தான் சுவைக்கும்.

ஐ.டி. நிறுவனத்தில் எச்.ஆர். ஆக இருக்கிறேன். தனிமனிதவாதக் குறியீட்டில் அமெரிக்கா 91, இந்தியா 48 என்று பயிற்சியில் ஸ்லைடு போடுகிறார்கள். டீம் ஆட்களை இதை வைத்து எடை போடலாமா?

கூடாது. அந்த எண்கள் டச்சு சமூக உளவியலாளர் ஹாஃப்ஸ்டெட், 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து வந்தவை. வேலையில் எது முக்கியம் என்ற 14 கேள்விகள். சொந்த வாழ்க்கைக்கு நேரம், தன் வழியில் வேலை செய்யும் சுதந்திரம், சவாலான வேலை ஆகியவற்றை உயர்த்திச் சொன்ன நாடு தனிமனிதவாதப் பக்கம் போனது. பயிற்சி, பணியிட வசதி, திறமையை முழுமையாகப் பயன்படுத்துவது ஆகியவற்றை உயர்த்திச் சொன்ன நாடு எதிர்ப்பக்கம், அதாவது குழுவை முன்னிறுத்தும் கூட்டுவாதப் பக்கம். இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நல்ல மின்விசிறியும் பயிற்சியும் வேண்டும் என்பவன் கூட்டுவாதியா, அவை இன்னும் கிடைக்காதவனா?

இன்னொன்று, அந்த எண் நாட்டின் சராசரிகளை வைத்துக் கட்டியது. தனி ஆளுக்குப் பொருத்தக் கூடாது என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்தார். டீமைப் புரிந்துகொள்ள நேரடியாகவே கேட்கலாம்: குறையை எல்லோர் முன்னிலும் சொல்லலாமா, தனியாகவா? வேலை மாறும் முடிவை யாரைக் கேட்டு எடுப்பீர்கள்? போனஸ் ஆளுக்கா, டீமுக்கா? ஒரே ஆள் மூன்றுக்கும் ‘ஒரே பக்கம்’ நிற்பது அபூர்வம்.

தனிமனிதவாதம் என்றால் நாகரிகமான சுயநலம்தானே ஐயா?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் டோக்வில் 1840-லேயே இரண்டையும் பிரித்தார். சுயநலம் என்பது தன் மேல் உள்ள கண்மூடித்தனமான பற்று. தனிமனிதவாதம், தன் குடும்பத்தோடும் நண்பர்களோடும் ஒதுங்கி, வெளிச் சமூகத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிடும் அமைதியான மனப்போக்கு. இந்தக் கணக்கில் ‘நான் உண்டு, என் குடும்பம் உண்டு’ என்று இருப்பவரும் தனிமனிதவாதிதான். குடும்பப் பாசத்தைப் பார்த்ததும் ‘கூட்டுவாதம்’ என்று முத்திரை குத்துபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆஷ் சோதனை, மனிதன் கூட்டத்துக்குத் தலையாட்டுவான் என்று நிரூபித்துவிட்டதே?

பாடப்புத்தகம் பாதியைத்தான் சொல்கிறது. கோட்டின் நீளத்தை ஒப்பிடும் 18 சுற்று. சோதிக்கப்படுபவர் ஒருவரைத் தவிர அறையில் மற்றவர்கள் எல்லோரும் ஆய்வாளர் அமர்த்திய நடிகர்கள்; அது அவருக்குத் தெரியாது. 12 சுற்றில் நடிகர்கள் ஒருமித்துத் தவறாகச் சொல்வார்கள். அந்தச் சுற்றுகளின் பதில்களில் சுமார் 37 சதவீதம்தான் கூட்டத்தோடு போனது. கால்வாசிப் பேர் ஒருமுறைகூட அசையவில்லை. ஒரே ஒரு நடிகர் சரியான பதில் சொன்னால் இணக்கம் (கூட்டத்தோடு போவது) ஏறக்குறைய இருபதில் ஒன்றாகச் சரிந்தது.

‘கூட்டுவாத நாட்டில் இது அதிகம்’ என்பதும் சராசரியில் சரி. 1996-ல் பாண்ட், ஸ்மித் இருவரும் 17 நாடுகளின் 133 ஆய்வுகளைத் தொகுத்தபோது அப்படித்தான் வந்தது. ஆனால் ஃப்ரேகர் 1970-ல் ஜப்பான் மாணவர்களிடம் செய்தபோது இணக்கம் ஆஷின் அளவைவிடக் குறைவு. அறையில் இருந்தவர்கள் முகமறியாதவர்கள். அவர்களுக்கு எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? யார் முன்னால் என்பதைச் சொல்லாத இணக்கக் கணக்கு முழுமையாகாது.

தனிமனிதவாத நாட்டினருக்கும் கூட்டுவாத நாட்டினருக்கும் உள்ள இந்த வேறுபாடு பிறவியிலேயே வருவதா?

ஜோன் மில்லர் 1984-ல் மைசூர் இந்துக்களையும் சிகாகோ அமெரிக்கர்களையும் ஒப்பிட்டார். அதில் வந்த ஒரு சம்பவம்: வக்கீல் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். விபத்தில் பின்னால் இருந்தவருக்குத் தலையில் அடி. அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வக்கீல் கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். ஏன் போனார்? அமெரிக்கப் பெரியவர்கள் ‘பொறுப்பில்லாதவர்’ என்பதுபோல் குணத்தைச் சொன்னார்கள். மைசூர்க்காரர்கள் கோர்ட் கடமை, அந்த நேரத்துச் சூழல் என்று விளக்கினார்கள். எட்டு வயதுக் குழந்தைகளிடம் இடைவெளி மிகக் குறைவு. வயது ஏற ஏறத்தான் விரிந்தது. வளர்ப்பும் பேச்சும்தான் காரணம் என்பதற்கு இது வலுவான சான்று.

பிளஸ் டூ முடித்த மகளுக்கு நாங்களே படிப்பைத் தேர்ந்தெடுத்தால் ஆர்வம் போய்விடுமா? – ஒரு தாய்

ஐயங்கார், லெப்பர் 1999-ல் ஏழிலிருந்து ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு எழுத்து மாற்றிச் சொல் அமைக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். வெள்ளை அமெரிக்கக் குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்தபோது நன்றாகச் செய்தார்கள். ஆசிய அமெரிக்கக் குழந்தைகளோ, ‘இது உன் அம்மா தேர்ந்தெடுத்தது’ என்று அவர்களிடம் சொன்னபோது நன்றாகச் செய்தார்கள். முன்பின் தெரியாதவர் தேர்ந்தெடுத்தால் இரு சாராருக்கும் சுணக்கம்தான். ‘பார்த்தாயா’ என்று மகளிடம் காட்டிவிடாதீர்கள் அம்மா. அது சில நிமிடப் புதிர், நான்கு வருடப் படிப்பு அல்ல.

தனியாக முடிவெடுப்பது வேறு, முடிவைத் தன்னுடையதாக ஏற்பது வேறு. பெற்றோர் சொன்னதை மனமொப்பி எடுத்த பிள்ளையிடம் ஆர்வம் நிற்கும். பயத்தில் தலையாட்டிய பிள்ளையிடம் நிற்காது. ‘இதை ஏன் எடுக்கிறாய்?’ என்று கேளுங்கள். காரணத்தைத் தன் வாயால் சொன்னால் சரி. ‘நீங்கதானே சொன்னீங்க’ என்றால் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு மறுபடி பேசுங்கள்.

நெல் விளையும் ஊரில் கூட்டுணர்வு அதிகம் என்கிறார்களே, தஞ்சாவூருக்கு இது பொருந்துமா?

டால்ஹெல்ம் குழு 2014-ல் சொன்னது சீனாவைப் பற்றி: நெல் பகுதி மாணவர்கள் கோதுமைப் பகுதியினரைவிடக் கூட்டுச் சிந்தனை உள்ளவர்கள், காரணம் பாசனத்தையும் நடவையும் பகிர்ந்துகொண்ட உழைப்பு. காவிரிப் பாசனத்தில் நிலம் ஒருவருடையது, சேற்றில் இறங்கியவர் பண்ணையாள். அங்கே ஒத்துழைப்பு சமமானவர்களிடையே நடந்ததல்ல. நெல்லை மட்டும் பார்த்து அந்த முடிவை இங்கே நட முடியாது. யார் வயலில் யார் உழைத்தார் என்பதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.