ஆர்சி பிளேன் பறக்க விடுறவங்க கேட்ட கேள்விகளும் என்னோட பதில்களும்

வணக்கங்க எல்லாருக்கும். கோயம்புத்தூர் பக்கம் 20 வருஷத்துக்கு மேல ரேடியோ கண்ட்ரோல் பிளேன் செஞ்சு பறக்க விட்டுட்டு இருக்கேன். சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறய பேர் கேட்டுட்டீங்க, ரொம்ப சந்தோசம். ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி: அண்ணா, இன்ஜினியரிங் செகண்ட் இயர், ஈரோடு. சீட்டு போட்டு கொஞ்சம் காசு சேத்து வச்சிருக்கேன். ஒரு ஜெட் மாடல் பாத்ததுல இருந்து அது மேலயே ஆசையா இருக்கு. வாங்கிடலாமா?

பதில்: வேண்டாங்க தம்பி. ஜெட் மாடல் ரொம்ப வேகமா போகும், நீங்க யோசிச்சு ஸ்டிக்க தள்றதுக்குள்ள தரைக்கு வந்துரும். சேத்த காச மொதல்ல டிரான்ஸ்மிட்டர்ல, அதாவது கையில புடிக்கிற ரிமோட்ல போடுங்க, பிளேன் போனாலும் அது பத்து வருஷம் உங்க கையிலயே இருக்கும். ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி ஆறு சேனல் (ஆறு தனித்தனி கட்டளை அனுப்பும்) ஒண்ணு தாராளமா போதும். அத ஒரு கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல மாட்டி பிகாசிம் மாதிரி ஃப்ரீயா கெடைக்கிற சிமுலேட்டர்ல தெனமும் அரை மணி நேரம் பறக்க விடுங்க, ஒரு மாசம், சலிக்காம. அதுக்கப்புறம் எறக்க உடம்புக்கு மேல் பக்கம் இருக்குற ட்ரெய்னர் (கத்துக்கற பிளேன்) ஒண்ண ஃபோம்ல நீங்களே வெட்டி ஒட்டுங்க. 2212 சைஸ் 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிசத்துக்கு 1000 சுத்து) மோட்டார், 30 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற சர்க்யூட்), 9 கிராம் சர்வோ (எறக்க, வால் பலகைகள அசைக்கிற குட்டி மோட்டார்) நாலு, 3எஸ் (மூணு செல்) 2200 எம்ஏஎச் பேட்டரி, 10 இன்ச் ப்ரொப்பெல்லர், இவ்ளோ தான். ரெடிமேடா வாங்குனவங்க மொத தடவ விழுந்ததும் மூட்ட கட்டி பரண்ல போட்டுட்டத நெறய பாத்திருக்கேன், கையால செஞ்சவங்க அன்னிக்கு சாயந்தரமே ஒட்டிட்டு மறுநாள் காலையில வந்துருவாங்க.

கேள்வி: சார், தெர்மாகோல்ல செஞ்ச பிளேன், கையால வீசி விட்டதும் மூக்க தூக்கிட்டு நேரா மேல போகுது, அப்புறம் நின்னு தலகீழா விழுது. மூணு தடவயும் இதே தான். மோட்டார் பவர் பத்தலயா?

பதில்: பவர் இல்லீங்க பிரச்சன, சிஜி. அதாவது எட நடுப்புள்ளி ரொம்ப பின்னாடி இருக்கு. பேட்டரி எல்லாம் மாட்டி, அப்படியே பறக்கப்போற நெலமையில பிளேன எடுத்துக்கோங்க. எறக்கைக்கு அடியில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வெரல் நுனிய வச்சு தூக்குங்க. எறக்கையோட முன் விளிம்புல இருந்து அகலத்துல நாலுல ஒரு பங்கு, அதிகம்னா 30 சதவீதம், அங்க வெரல் இருக்கணும். உங்க எறக்க 20 செண்டிமீட்டர் அகலம்னா முன்னாடி இருந்து 5ல இருந்து 6 செண்டிமீட்டர். அங்க பேனால கோடு போட்டு வச்சுக்கோங்க. தூக்குனா மூக்கு லேசா கீழ சாஞ்சு நிக்கணும். வால் கீழ போச்சுன்னா பேட்டரிய முன்னாடி தள்ளுங்க, தள்ள எடம் இல்லேன்னா ஃபோம வெட்டி எடம் பண்ணுங்க, எதுவும் ஒத்து வரலேன்னா தான் மூக்குல வெயிட்டு வைக்கணும். ஒரு செண்டிமீட்டர் பின்னாடி போனா என்ன ஆயிரப்போகுதுன்னு நெனைக்காதீங்க, அந்த ஒரு செண்டிமீட்டர்ல தான் உங்க பிளேன் மூணு தடவயும் விழுந்திருக்கு.

அதுக்கப்புறமும் த்ராட்டில் (மோட்டார் வேகம்) குடுக்கும்போது மட்டும் மூக்க தூக்குச்சுன்னா மோட்டாருக்கு பின்னாடி மேல் பக்கத்துல ஒரு வாஷர் வச்சு ஷாஃப்ட்ட ரெண்டு மூணு டிகிரி கீழ பாக்க வைங்க.

கேள்வி: மாமா, நான் ஒம்போதாவது படிக்கிறேன். பிளேன் என்ன விட்டு தூரமா போகும்போது நல்லா ஓட்டுறேன், திரும்பி என்னப் பாத்து வரும்போது எந்தப் பக்கம் திருப்பணும்னே கொழம்புது.

பதில்: கண்ணு, இது எல்லாருக்கும் வர்றது தான். உன்னப் பாத்து வரும்போது எந்த எறக்க கீழ சாயுதோ ஸ்டிக்க அந்தப் பக்கமே தள்ளு, விழப்போற எறக்கைக்கு முட்டு குடுக்குற மாதிரி. இடது வலதுன்னு யோசிக்கவே யோசிக்காத. சிமுலேட்டர்ல பத்து நாள் இத மட்டும் பண்ணு, கை தானா போகும். தனியா மட்டும் போகாத, வீட்ல பெரியவங்க யாராவது கூட இருக்கட்டும்.

கேள்வி: அண்ணா வணக்கம். என் பையன் ஆர்சி பிளேன் பேட்டரிய ராத்திரி கட்டில் பக்கத்துல சார்ஜ் போட்டுட்டு தூங்கறான். ஒரு பேட்டரி தலகாணி மாதிரி உப்பியிருக்கு. எனக்கு பயமா இருக்கு, அவன் ஒண்ணும் ஆகாதுங்கறான்.

பதில்: தங்கச்சி, நீங்க பயப்படறது நூத்துக்கு நூறு நியாயம். இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. அது லிப்போ பேட்டரி, செல்போன் பேட்டரிய விட பல மடங்கு வேகமா கரண்ட்ட வெளிய தள்ளும், கெட்டுப்போனா அதே வேகத்துல எரியும். தம்பிக்கு நான் சொல்றதப் படிச்சுக் காட்டுங்க.

தூங்கும்போது சார்ஜ் கெடையாது, வெளிய போகும்போதும் கெடையாது. ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும், பால்கனியிலயோ வாசல்லயோ, தரையில, ஒரு பெரிய மண் தொட்டிக்குள்ள வச்சு சார்ஜ் போடணும். பக்கத்துல ஒரு வாளி மணல் இருக்கட்டும். பேலன்ஸ் சார்ஜர் (எல்லா செல்லையும் சமமா ஏத்துறது) மட்டும் தான், அந்த சின்ன வெள்ள கனெக்டரும் மாட்டியிருக்கணும். 2200 எம்ஏஎச் பேட்டரின்னா 2.2 ஆம்ப்புக்கு மேல வைக்கக்கூடாது. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல போகக்கூடாது, பறந்து எறக்குனப்புறம் 3.7க்கு கீழ போயிருக்கக்கூடாது. அடுத்த ஞாயித்துக்கெழம தான் பறக்கப்போறோம்னா முழுசா சார்ஜ் போட்டு வைக்காம 3.8 வோல்ட்ல வைக்கணும், இங்க சித்திர வெயிலுக்கு ஃபுல் சார்ஜ்ல வாரக்கணக்கா கெடந்தா தான் பேட்டரி உப்புது. பூட்டுன கார்லயும் வச்சுட்டுப் போகக்கூடாது.

அந்த உப்புன பேட்டரிய இனிமே சார்ஜ் போடவே வேண்டாம், குத்திப் பாக்கவும் வேண்டாம். வெளிய மண்ணு மேல வச்சு ஒரு 12 வோல்ட் கார் பல்ப மாட்டி, பல்பு சுத்தமா அணையற வரைக்கும் தள்ளி நின்னு பாத்துக்கச் சொல்லுங்க, அப்புறம் ஈ-வேஸ்ட் எடுக்குறவங்க கிட்ட குடுத்துருங்க, குப்பத்தொட்டியில போடாதீங்க. எப்பவாச்சும் புகைய ஆரம்பிச்சா மூச்சுல இழுக்காம எல்லாரும் வெளிய வந்துருங்க, பேட்டரி முக்கியமில்ல. பையன திட்டாதீங்கம்மா, நல்ல விசயத்துல தான் ஆர்வமா இருக்கான், இந்த ஒரு பழக்கத்த மட்டும் மாத்துங்க.

கேள்வி: அரசுப்பள்ளி ஆசிரியர், திண்டுக்கல் பக்கம். மாணவர்களோட சேர்ந்து செய்யணும்னு ஆசை. செலவு கம்மியான பொருள் எது? பசை எது?

பதில்: சார், உங்க பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க குடுத்து வச்சவங்க. விளம்பர போர்டுக்குப் போடற சன்பேக் ஷீட் எங்கயும் கெடைக்கும், எட கொஞ்சம் அதிகம் ஆனா எவ்ளோ விழுந்தாலும் தாங்கும். அதோட தெர்மாகோல், ஃபோம் போர்டு. ஃபெவிக்விக் தெர்மாகோல அப்படியே கரைச்சிரும் சார், ஊத்துன எடத்துல குழி விழும், அதனால ஹாட் க்ளூ, இல்ல சாதா ஃபெவிகால் போட்டு ராத்திரி பூரா காய விடுங்க. எறக்கைக்கு வளைவு கொண்டு வர முடியலேன்னு கவலப்படாதீங்க, கேஎஃப் எறக்கைன்னு ஒரு முறை இருக்கு. க்ளைன், ஃபோகல்மேன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல 1972ல காப்புரிமை வாங்குனது. தட்டையான எறக்க மேல முன் பாதி அகலத்துக்கு இன்னொரு ஷீட்ட ஒட்டிட்டா போதும், நடுவுல ஒரு படி மாதிரி வரும். ஸ்கேலும் பிளேடும் இருந்தா ஒரு பீரியட்ல முடிஞ்சிரும், பறக்கறதும் நிதானமா பறக்கும். மோட்டார் மாட்டறதுக்கு முன்னாடி கிளைடரா வீசிப் பாக்கச் சொல்லுங்க, சிஜி பாடம் அதுலயே புரிஞ்சிரும்.

கேள்வி: உடைஞ்ச சர்வோவ மாத்திட்டு போனேன், விட்ட ரெண்டே செகண்ட்ல உருண்டு விழுந்துருச்சு. சிஜி கரெக்ட். என்ன தப்பு பண்ணேன்?

பதில்: எய்லரான், அதாவது எறக்கையோட பின் விளிம்புல அசையற பலகை, ரிவர்ஸ்ல இருந்திருக்கும். எனக்கும் இதே நடந்திருக்கு, ரெண்டு மாசம் உக்காந்து பால்சா மரத்துல செஞ்ச பிளேன், புது சர்வோ போட்டேன், ஸ்டிக்க ஆட்டிப் பாத்தேன், அசையுதுன்னு விட்டேன். அசையுதான்னு பாத்தா பத்தாது, எந்தப் பக்கம் அசையுதுன்னு பாக்கணும். பிளேனுக்கு பின்னாடி நில்லுங்க. ஸ்டிக்க வலது பக்கம் தள்ளுனா வலது எய்லரான் மேல வரணும், இடது கீழ போகணும். எலிவேட்டர் (வால்ல மேல கீழ அசையற பலகை) ஸ்டிக்க உங்க பக்கம் இழுத்தா எலிவேட்டர் மேல வரணும். அன்னைல இருந்து ஒவ்வொரு பறப்புக்கு முன்னாடியும் வாய் விட்டு சொல்லி சொல்லி பாக்கறேன், பக்கத்துல இருக்கறவங்க என்ன நெனச்சாலும் சரி. மொதல்ல டிரான்ஸ்மிட்டர் ஆன், அப்புறம் பேட்டரி. எடுக்கும்போது மொதல்ல பேட்டரி, அப்புறம் டிரான்ஸ்மிட்டர். வீட்ல வச்சு செட்டிங் பண்ணும்போது ப்ரொப்பெல்லர கழட்டி வச்சிருங்க, 10 இன்ச் ப்ரொப்பெல்லர் வெரல எலும்பு வரைக்கும் வெட்டிரும்.

கேள்வி: பல்லடத்துக்காரன். ஆடி மாசம் காத்துல விடலாமாண்ணா? போன வாரம் திருப்பும்போது சடார்னு ஒரு பக்கம் கவுந்துருச்சு.

பதில்: ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்ங்கறாங்க, நம்மது முக்கா கிலோ ஃபோம் தானுங்க. நமக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் விடாம அடிக்கும். காலையில ஆறு மணில இருந்து ஏழரைக்குள்ள கொஞ்சம் அடங்கியிருக்கும், அப்ப மட்டும் விடுங்க. புல்ல கிள்ளி மேல போட்டுப் பாருங்க, சரிஞ்சு தூரமா போய் விழுந்தா அன்னிக்கு வேண்டாம்.

கவுந்தது ஏன்னா, காத்து கூடவே போகும்போது பிளேன் தரைய வச்சுப் பாக்க ரொம்ப வேகமா தெரியும், நாம பயந்து த்ராட்டில கொறச்சிருவோம். ஆனா எறக்கைக்கு தெரியறது அதச் சுத்தி ஓடற காத்தோட வேகம் மட்டும் தான், த்ராட்டில கொறச்சதும் அது கம்மியாயிரும். அதே நெலமையில எலிவேட்டர இழுத்து நல்லா சாச்சு திருப்புனா முடிஞ்சுது. 60 டிகிரி சாச்சா எறக்க ரெண்டு மடங்கு எடைய தூக்கணும், விழாம நிக்க வேகம் 1.4 மடங்கு வேணும். அதனால திரும்பறதுக்கு முன்னாடி த்ராட்டில் கொஞ்சம் ஏத்துங்க, அகலமா, மெதுவா சாச்சு திருப்புங்க, எறக்கறது எப்பவும் காத்துக்கு எதிரா தான்.

கேள்வி: போலீஸ்காரர் வந்து ட்ரோனுக்கு பர்மிஷன் இருக்கான்னு கேட்டார். இது ட்ரோனே இல்லைன்னு சண்ட போட்டேன். சரி தானே?

பதில்: சண்ட போட்டிருக்க வேண்டாங்க. 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் ரூல்ஸ்ல நம்ம பிளேனும் வருது. 25 கிலோ வரைக்கும் பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ, கண்ணுக்குத் தெரியற தூரத்துல பறக்க விடறது மாடல்ங்கற வகை, அதுக்கு டைப் சர்ட்டிஃபிகேட் (அந்த டிசைனுக்கான ஒப்புதல்) தேவையில்ல. 2 கிலோ வரைக்கும் வியாபாரம் இல்லாம பறக்க விட பைலட் சர்ட்டிஃபிகேட்டும் தேவையில்ல. ஆனா எடம் முக்கியம். அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல பச்சையா இருக்குற எடத்துல 400 அடி உயரம் வரைக்கும், ஏர்போர்ட் எல்லையில இருந்து 8ல இருந்து 12 கிலோமீட்டருக்குள்ள 200 அடி வரைக்கும் தான். கோவையில பீளமேடு ஏர்போர்ட்டும் இருக்கு, சூலூர் ஏர்ஃபோர்ஸ் பேஸும் இருக்கு, அதனால நாங்க ஒவ்வொரு புது எடத்துக்கும் மேப்ப பாத்துட்டு தான் கெளம்பறோம். சிவப்புல தெரிஞ்சா அந்தப் பக்கமே போகாதீங்க. பைலட் உக்காந்து ஓட்டுற விமானத்துக்கு முன்னாடி நம்ம ஆச பெருசில்ல. அடுத்த தடவ அவர் வந்தா மேப்ப போன்ல காட்டுங்க, பிளேனையும் கையில குடுத்துப் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: பருந்து வந்து மோதுது சார், என்ன பண்ண?

பதில்: எறக்கிருங்க. அது அதோட எடம், பக்கத்துல கூடு இருக்கும், ப்ரொப்பெல்லர் பட்டா பாவம். ஆனா சண்டைக்கு வராம எறக்கைய அசைக்காம வட்டம் போட்டா அங்க வெயில்ல சூடான காத்து மேல ஏறுதுன்னு அர்த்தம். தள்ளியே, அதுக்கு கீழ மோட்டார ஆஃப் பண்ணி அதே பக்கமா வட்டம் போட்டுப் பாருங்க, பிளேன் தானா மேல ஏறும். மொத தடவ எனக்கு அது நடந்தப்ப கண்ணு கலங்கிருச்சு.

கேள்வி: எழுபத்திரெண்டு வயசு எனக்கு. கிரிஸ்டல் மாத்தி மாத்தி ஓட்டுன காலம் தெரியுமா உங்களுக்கு?

பதில்: நல்லாத் தெரியுமுங்க ஐயா, ரேடியோ எந்த அலைவரிசையில பேசணும்னு முடிவு பண்ற கிரிஸ்டல் தானே. கிரவுண்ட்ல ஒரு பலகை, அந்த அலைவரிசையோட சேனல் நம்பர் எழுதுன துணி கிளிப், அது நம்ம ஆன்டெனால இருந்தா தான் ஸ்விட்ச்ச போடலாம். அதே சேனல்ல வேற ஒருத்தர் மறந்து ஆன் பண்ணா மேல இருக்குறது போச்சு. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்து அந்த பயத்த போக்கிருச்சு, பத்து பேர் சேந்து பறக்கறோம். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் எரியற அந்த இன்ஜின் வாசம் மட்டும் இன்னும் மனசுல இருக்கு. ஒரு நாள் கிரவுண்டுக்கு வாங்கய்யா, உங்க கிட்ட கேக்க எங்களுக்கு நெறய இருக்கு.

கேள்வி: சோளக்காட்டுல விழுந்து ரெண்டு மணி நேரம் தேடியும் கெடைக்கல. எப்படி தேடறது?

பதில்: விழும்போதே த்ராட்டில பூஜ்யத்துக்கு கொண்டு வந்துரணும், இல்லேன்னா மோட்டார் சிக்கி ஈஎஸ்சி எரிஞ்சிரும், பயிரும் காஞ்சிருந்தா தீ புடிக்கும். நின்ன எடத்துல இருந்து நகராதீங்க, அது மறஞ்ச திசையில ஒரு பனமரமோ கம்பமோ கண்ணுல வச்சுக்கோங்க, உங்க செருப்ப அங்கயே கழட்டி அடையாளம் வைங்க. கூட்டாளி ஒருத்தர் அங்க நின்னு கை காட்ட, இன்னொருத்தர் நேர் கோட்டுல போகணும். டிரான்ஸ்மிட்டர ஆஃப் பண்ணா நெறய ஈஎஸ்சி பீப் பீப்புன்னு கத்தும், பேசாம நின்னு கேளுங்க. உள்ள போறதுக்கு முன்னாடி காட்டுக்காரர் கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க, வரப்பு மேலயே போங்க, நாலு சோளத்தட்டு சாஞ்சாலும் அவர் உழைப்பு. எங்களுக்கு ஒரு தோட்டத்து அம்மா, களை எடுக்கும்போது கெடைச்சுதுன்னு பதினேழு நாள் கழிச்சு பிளேன தொடச்சு வச்சிருந்து குடுத்தாங்க, கேட்டுட்டுப் போனதால தான்.

கேள்வி: உங்க கூட வந்து பாக்கலாங்களா அண்ணா?

பதில்: தாராளமா வாங்க. ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணி, சொந்த பிளேன் இல்லேன்னாலும் பரவால்ல. தொப்பி, தண்ணி, ஷூ, நெருஞ்சி முள்ளு அதிகம் அங்க. எனக்கு மெசேஜ் பண்ணுங்க, வழி அனுப்பறேன்.