சுரைப்பூ உதிர்கிறதா? சாயங்காலம் கொடிக்குப் போய்ப் பாருங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள உங்கள் வீட்டுச் சுரைக்கொடி பூத்துக் குலுங்கியும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். கொடிக்கு நோய் இருக்காது. மகரந்தம் சேரவில்லை, அவ்வளவுதான்.

சுரைப்பூ பொழுது சாயும்போதுதான் விரியும், பகலில் வரும் தேனீக்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. டர்பனில் கோடை மழையும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான், மழையில் அந்திப் பூச்சிகளின் வரவும் குறையும். அதனால் நீங்களே சேர்த்துவிடுங்கள். நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண் பூ. பெண் பூவின் அடியில் மென்மயிர் படர்ந்த குட்டிச் சுரைக்காய் இருக்கும். ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் சூலகமுடியில் (பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் முனையில்) மெதுவாகத் தடவுங்கள். பிடித்துவிட்டால் சில நாளிலேயே காய் பருப்பது தெரியும்.

பெண் பூவே குறைவு என்றால் தலைக்கொடியின் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகளில்தான் அவை அதிகம் வரும். காயை நகம் இறங்கும் பதத்திலேயே பறியுங்கள், முற்றவிட்டால் அடுத்த பிஞ்சுகள் குறையும்.

அப்புறம், செண்டுமல்லியைச் செடியிலேயே வாடவிடாதீர்கள். பறிக்கப் பறிக்க மொட்டு விடும், தைப்பூசக் காவடிக்கும் வீட்டுப் பூவே கிடைக்கும்.