டாக்டரிடம் கேளுங்கள்: தனித் தட்டு, தனி டம்ளர்

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 26, இது ஐந்தாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 'ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, கண்ணும் மஞ்சளாக இல்லை. ஆனால் மாமியார் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். தினமும் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து தருகிறார். தாய்ப்பாலும் கொடுக்கக் கூடாதாமே?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு சேர்த்து அடுக்குங்கள். ஹெபடைடிஸ் பி கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ்; அது சாப்பாட்டில் பரவாது, தொட்டால் பரவாது. ரத்தத்தில், உடலுறவில், பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என்றுதான் பரவும். தனியாக இருக்க வேண்டியவை உங்கள் டூத் பிரஷ், நகவெட்டி, பிளேடு. காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் தாங்கும்.

மாமியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு நைட் டூட்டியில் நோயாளியின் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். தடுப்பூசி போட்டிருக்கவில்லை. ஆறு மாதம் கழித்து ரத்தம் பார்த்து 'இல்லை' என்று தெரியும்வரை, ஹாஸ்டலில் என் டம்ளரை நானே தனியாக வைத்துக்கொண்டேன். படித்தவள் லட்சணம் இது!

கீழாநெல்லிக்கும் ஒரு கதை உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கும் சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன் குழுவினரும் 1988-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்றார்கள். மேற்படிப்பு மாணவியான எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஆனால் பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. மோரை மட்டும் வாங்கிக் குடியுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்லீரல் பரிசோதனையோடு வைரஸ் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அளவு அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். குழந்தை பிறந்ததும் நேரத்தை எண்ணுங்கள்: இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள்) ஊசி 12 மணி நேரத்துக்குள், தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிரசவத்துக்குப் போகும்போதே ரிப்போர்ட்டைக் காட்டி, இரண்டு ஊசியும் கையிருப்பில் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிறக்கும்போது தொற்றினால் நூற்றில் தொண்ணூறு பிள்ளைகளுக்கு அது நாள்பட்ட நோயாக நின்றுவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானே போய்விடும். அதனால்தான் இந்த அவசரம். அப்புறம் 6, 10, 14-ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி; ஐந்து நோய்களுக்கான அந்தத் தடுப்பூசியில் ஹெபடைடிஸ் பி-யும் அடக்கம். தாராளமாகத் தாய்ப்பால் கொடுங்கள்; பிறந்ததும் அந்த இரண்டு ஊசியும் போட்டிருந்தால் போதும்.

கணவருக்கும் மாமியாருக்கும் பரிசோதனை செய்து, கிருமி இல்லையென்றால் மூன்று தவணை தடுப்பூசி போடுங்கள். உங்கள் அம்மாவையும் உடன்பிறந்தவர்களையும் மறக்காதீர்கள். உங்களுக்கே இது பிறவியிலேயே வந்திருக்கலாம். நீங்கள் பிறந்தபோது இந்த ஊசி அரசு அட்டவணையில் இல்லை. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

கேள்வி: எங்கள் தெருவில் நாலு வீட்டில் மஞ்சள் காமாலை. எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது. மறுபடி வராதுதானே?
- வாசகர், கடலூர்

பதில்: வந்து போனது எந்த வைரஸால் வந்த காமாலை? ஹெபடைடிஸ் ஏ வந்தவருக்கு மறுபடி ஏ வராது, ஆனால் ஈ வரலாம். ஒரே தெருவில் நாலு வீடு என்றால் எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். ஏ, ஈ இரண்டும் அந்த வழியில்தான் பரவும். டெல்லியில் 1955-56-இல் யமுனைக் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஈ வைரஸ் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், இந்த ஈ வைரஸ் உயிரையே வாங்கிவிடலாம். தெருவில் யாராவது இருந்தால் இன்றே போய்ச் சொல்லுங்கள். நகராட்சியில் புகார் கொடுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். 'நாங்கள் கேன் தண்ணீர்தான் சார்' என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: பல் தேய்த்துக் கொப்பளிப்பது எந்தத் தண்ணீரில்?