இரண்டாவது நாவலும் பழகிய கையும்

அன்புள்ள ஐயா,

என் முதல் நாவல் மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிவந்தது. எங்கள் தெருவையும் என் பாட்டியையும் பற்றியது. அடுத்த நாவலை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் ஐம்பது பக்கங்களோடு நிறுத்திவிட்டேன். கடைசியாகத் தொடங்கியது தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும் கதை. சொல்ல இருந்ததையெல்லாம் முதல் நாவலிலேயே தீர்த்துவிட்டேனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தீர்ந்துவிட்டதென்று நான் நினைக்கவில்லை. முதல் நாவலை எழுதும்போது கைக்குப் பழகிய நடையும் பார்வையும் அடுத்த நாவலுக்குள் கேளாமலே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

என் இரண்டாவது நாவலில் 140 பக்கங்கள் எழுதிய பிறகு ஒரு நாள் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அதில் வரும் நெசவாளர் வீட்டுக் கிழவி வெற்றிலையைப் புடவைத் தலைப்பில் துடைத்து, சுண்ணாம்பு தடவிய விரலைத் திண்ணைத் தூணில் தேய்த்தாள். என் முதல் நாவலின் பாட்டியும் அப்படித்தான் தேய்ப்பாள். அந்தப் பக்கங்களைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டு, தறி இருக்கும் ஒரு வீட்டுக்குச் சில மாதங்கள் போய்வந்தேன். அங்கே தார் சுற்றும், அதாவது ஊடைநூலைச் சிறு குழலில் சுற்றும் ஓர் அம்மாள், சுற்றி முடிக்கும்வரை வெற்றிலைச் செல்லத்தைத் தொடவே மாட்டார். நூலில் கறை பட்டால் கூலியில் பிடித்துவிடுவார்களாம். அந்த ஒரு தகவலில் என் கிழவி வேறு மனுஷியானாள்.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் நூலாக வந்தது. அடுத்த நாவலான ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல்தான் வந்தது. நாற்சந்தி மரத்தையும் தாமோதர ஆசானின் கதை சொல்லும் குரலையும் வாசகர்கள் கொண்டாடியபின், அதே ஊரில் இன்னொரு கதையை அவர் எளிதாக எழுதியிருக்கலாம். அவரோ அந்தக் குரலை முற்றிலும் விட்டுவிட்டு, மறைந்துபோன ஒரு கற்பனை மலையாள எழுத்தாளனைப் பற்றிய பாலுவின் நினைவுகளும் அவ்வெழுத்தாளனின் நாட்குறிப்புகளுமாக ஒரு நாவலை அமைத்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகளை வீணான காலமென்று என்னால் எண்ண முடியவில்லை.

எல்லோருக்கும் அது கைகூடுவதில்லை என்பதும் உண்மை. அமெரிக்க எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் 1952இல் முதல் நாவலை வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றவர்; 1994இல் இறக்கும்வரை இரண்டாவதை அவர் முடிக்கவில்லை. 1967இல் வீட்டில் பற்றிய தீயில் கைப்பிரதியின் ஒரு பகுதி போயிற்று என்பார்கள். ஆனால் அதன் பிறகும் அவர் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறார் என்பதால், தீயை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் முதல் நாவலோடு நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் என்றே தோன்றுகிறது.

உங்கள் உப்பளப் பக்கங்களை எடுத்து, உங்கள் பாட்டியின் பேச்சு எங்கெல்லாம் ஒலிக்கிறதோ அங்கெல்லாம் கோடிடுங்கள். பிறகு, மழைக்காலம் முடிந்து பாத்திகளை மிதித்துச் சரிசெய்யும் நாட்களில் தூத்துக்குடிக்குப் போய், வேலை தொடங்கும் விடியற்காலையிலேயே உப்பளத் தொழிலாளர்களோடு நில்லுங்கள். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.