ஆதியாகமம் 10: அந்தப் பெயர்களை வரைபடத்தில் எங்கே குறிப்பது?

கேள்வி: எங்கள் சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பை நடத்தி வருகிறேன். அடுத்த மாதம் ஆதியாகமம் 10ஆம் அதிகாரம் வருகிறது. நோவாவின் மூன்று குமாரரிலிருந்து உலகத்து ஜாதிகள் தோன்றியதைக் காட்டும் வண்ண அட்டவணை ஒன்று கைக்குக் கிடைத்தது. யாப்பேத்துக்கு ஐரோப்பியர், சேமுக்கு ஆசியர், காமுக்கு ஆப்பிரிக்கரும் தென்னிந்தியரும் என்று அதில் பிரித்திருக்கிறார்கள். மேசேக்கு என்பது மாஸ்கோ என்றும் எழுதியிருக்கிறது. இதை அச்சிட்டு வகுப்பில் கொடுக்கலாமா? கூடாதென்றால் இத்தனை பெயர்களையும் எப்படி விளக்குவது?

பதில்: அந்த அட்டவணையை அச்சிட வேண்டாம். அதிலுள்ள ஓரிரு பிழைகளைத் திருத்தினாலும் அது பயன்படாது. ஏனெனில் அந்த அதிகாரம் கேட்காத ஒரு கேள்விக்கு, அதாவது இன்றைய மனிதர்களின் நிறமும் இனமும் எங்கிருந்து வந்தன என்பதற்கு, அதன் வாயிலிருந்து பதில் வரவழைக்க அந்த அட்டவணை முயல்கிறது. ஆதியாகமம் 10இல் தோல் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கே இருப்பது, பழங்கால இஸ்ரவேலர் அறிந்திருந்த உலகத்தின் வரைபடம். கோடுகளால் வரையாமல் குடும்ப உறவுச் சொற்களால் வரைந்திருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் அதைத் திரும்பவும் வரைபடமாகவே விரித்துக் காட்டலாம்.

முதலில், தமிழ் வேதாகமத்தை வாசிப்பவருக்கு எளிதில் தென்படாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 10ஆம் அதிகாரத்தில் மனிதர் பெயர்போல வரும் சொற்களில் பல, பிற ஆகமங்களில் தேசத்தின் பெயராகவே வருகின்றன. மொழிபெயர்ப்பில் அவற்றின் எழுத்து மாறிவிடுவதால் இரண்டும் ஒரே சொல் என்பது நமக்குத் தெரிவதில்லை. காமின் குமாரனாகச் சொல்லப்படும் மிஸ்ராயீம் என்பதுதான் நம் வேதாகமத்தில் பிற இடங்களில் ‘எகிப்து’. எபிரெய மூலத்தில் இரண்டும் ஒரே சொல், அரபு மொழியில் இன்றும் அந்த நாட்டின் பெயர் மிஸ்ர். கூஷ் என்பது ‘எத்தியோப்பியா’ என்று மொழிபெயர்க்கப்பட்ட தேசம்; இன்றைய எத்தியோப்பிய நாட்டைவிட, அஸ்வானுக்குத் தெற்கே நைல் நதிக்கரையில் இன்றைய சூடான் வரை பரந்திருந்த நூபியாவையே அது பெரும்பாலும் குறிக்கிறது. ஆராம் ‘சீரியா’ ஆகிறது; மாதாய் ‘மேதியர்’ ஆகிறது; யாவான், தானியேல் 8:21இல் ‘கிரேக்கு தேசம்’ ஆகிறது. இந்த ஐந்தையும் பலகையில் எழுதிக் காட்டினாலே, ‘எகிப்து கூஷின் சகோதரன்’ என்ற வாக்கியம் எந்த வகையான வாக்கியம் என்பது வகுப்பில் இருப்பவர்களுக்குத் தானாகவே விளங்கும்.

பெயர்களின் வடிவமும் இதையே உறுதி செய்கிறது. மிஸ்ராயீம் ‘பெற்றதாக’ வரும் லூதீமியர், பத்ரூசீமியர், கப்தோரீமியர் எல்லாம் எபிரெயத்தில் பன்மை. ஒரு தனி மனிதனுக்குப் பன்மைப் பெயர் இருக்க முடியாது. பத்ரூசீமியர் மேல் எகிப்தின் மக்கள். அந்தப் பெயரின் வேர் ‘தென்தேசம்’ என்று பொருள்படும் எகிப்தியச் சொல். கானானின் மூத்த குமாரன் சீதோன், இன்றும் லெபனோன் கடற்கரையில் இருக்கிற நகரம். அவனுக்குப் பின் வரும் எபூசியர் எருசலேமின் பழைய குடிகள். அர்வாதியர் சிரியக் கரையை ஒட்டிய அர்வாத் தீவினர். காமாத்தியர் ஓரோந்தஸ் நதிக்கரையிலுள்ள ஹாமா நகரத்தார். ஆக ஊர், நாடு, குலம், மனிதன் எல்லாமே ஒரே வம்சவரலாற்று நடையில் கோக்கப்பட்டிருக்கின்றன.

இவ்விடத்தில் ‘ஜாதி’ என்ற சொல்லைப் பற்றி நிச்சயமாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘ஜாதிகள்’ என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ‘கோயிம்’, அதாவது ஒரு நிலத்தையும் அரசையும் உடைய மக்கள் கூட்டம். நம் ஊர் வழக்கில் அந்தச் சொல் ஏற்றிருக்கும் பொருளோடு அதை வாசித்தால், பிறப்பால் உயர்ந்தவரும் தாழ்ந்தவரும் உண்டு என்று நோவாவின் காலத்திலேயே வேதம் வகுத்துவிட்டது என்ற விபரீதமான எண்ணம் தோன்றும். அவ்வாறு புரிந்துகொண்டு கலங்கியவர்களை நானே சந்தித்திருக்கிறேன். 5, 20, 31ஆம் வசனங்கள் வம்சம், பாஷை, தேசம், ஜாதி என்ற நான்கையும் சேர்த்தே சொல்கின்றன. ஒருவரையொருவர் மேல், கீழ் என்று அங்கே அடுக்கவில்லை.

இனி, பெயர்களுக்கு இடம் குறிக்கும் முறைக்கு வருவோம். ஓசை ஒத்திருப்பது மட்டும் போதாது. ஏறக்குறைய அதே காலத்தைச் சேர்ந்த கல்வெட்டிலோ களிமண் பலகையிலோ அந்தப் பெயர் இருக்க வேண்டும். வேதத்தின் பிற பகுதிகள் காட்டும் திசையோடும் அது பொருந்த வேண்டும். மேசேக்கை இந்த உரைகல்லில் வைத்துப் பாருங்கள். மாஸ்கோ என்ற ஊரின் பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவது கி.பி. 1147இல், அதற்குப் பெயர் கொடுத்தது அங்கே ஓடும் மாஸ்க்வா நதி. மேசேக்கோடு சேர்ந்தே வரும் தூபாலுக்கு அந்த அட்டவணை தொபோல்ஸ்க் நகரத்தைக் காட்டியிருந்தால், அது 1587இல் தொபோல் நதியருகே எழுந்த ஊர். மறுபுறம் அசீரியக் கல்வெட்டுகளைப் பார்த்தால், முஷ்கி, தபால் என்ற இரு மக்களும் இன்றைய துருக்கியின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் இருந்ததாகத் தெளிவாகத் தெரிகிறது, கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரிய அரசன் சர்கோனோடு மோதிய முஷ்கி அரசன் மீதாவைத்தான் கிரேக்கர் மிதாஸ் என்று அழைத்தனர். எசேக்கியேல் 27:13, யாவானும் தூபாலும் மேசேக்கும் அடிமைகளையும் வெண்கலப் பாத்திரங்களையும் கொண்டுவந்து தீரு பட்டணத்தோடு வியாபாரம் செய்ததாகச் சொல்கிறது. மத்தியதரைக் கடலை ஒட்டிய துருக்கிக்கு இது பொருந்துகிறது. ரஷ்யாவின் வடகாட்டுக்குப் பொருந்துவதில்லை.

இதே முறையில் பார்க்கும்போது கோமேர், அசீரியர் கிமிர்ராய் என்று எழுதிய கிம்மேரியராகிறான், அஸ்கினாஸ், அவர்கள் அஷ்குஸா என்று எழுதிய சீத்தியராகிறான், இரண்டும் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளின் அசீரிய ஆவணங்களில் கருங்கடலுக்கும் ஈரானுக்கும் இடைப்பட்ட நிலங்களில் தென்படுகின்றன. தொகர்மா கிழக்குத் துருக்கியின் தில்-கரிம்மு என்ற பழைய நகரம். கித்தீம் சைப்ரஸ் தீவின் கிதியோன் நகரம். தொதானீமுக்கு ஒரு சுவையான விளக்கம் உண்டு: முதலாம் நாளாகமம் 1:7இன் எபிரெய மூலத்தில் அதே பெயர் ‘ரோதானீம்’ என்று இருக்கிறது. தாலெத், ரேஷ் என்ற இரு எழுத்துகளும் எபிரெயத்தில் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பிரதி எழுதியவர் தடுமாறியிருக்கிறார். ரோதானீம் என்று கொண்டால் ரோட்ஸ் தீவு பக்கத்திலேயே கிடைக்கிறது.

யாவானை மட்டும் தமிழ் வகுப்பில் சற்று நிதானமாக நடத்தலாம். துருக்கியின் மேற்குக் கரையில் வாழ்ந்த கிரேக்கர் அயோனியர் எனப்பட்டனர். கிழக்கத்திய மக்கள் அவர்கள் பெயராலேயே கிரேக்கர் அனைவரையும் அழைத்தனர். எபிரெயத்தில் யாவான், பழம்பாரசீகத்தில் யௌன, வடமொழியில் யவன. மிளகு வாங்க முசிறிக்குப் பொன்னோடு வந்த கப்பல்காரர்களை அகநானூறு ‘யவனர்’ என்று குறிப்பதும் அதே பெயரால்தான். ஆதியாகமத்தின் யாவானும் சங்கப்பாடலின் யவனரும் ஒரே சொல்லின் இரு கிளைகள் என்று கேட்டால், உங்கள் வகுப்பினர் அந்தப் பெயரை மறக்கவே மாட்டார்கள்.

அடுத்து, யாராவது நிச்சயம் கேட்கப்போகும் ஒரு கேள்வி இருக்கிறது. 7ஆம் வசனத்தில் ஆவிலா காமின் வழியான கூஷின் குமாரன், சேபா கூஷின் குமாரனாகிய ராமாவின் குமாரன். 28, 29ஆம் வசனங்களில் இருவரும் சேமின் வழியான யொக்தானின் குமாரர். ஆதியாகமம் 25:3 சேபாவை ஆபிரகாமுக்குக் கேத்தூராளிடம் பிறந்த யக்ஷானின் குமாரன் என்கிறது. ஒரே பெயருடைய பல மனிதர்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளத் தேவையில்லை. சேபா என்பது இன்றைய யேமனில் மாரிப் நகரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த சபா அரசு. அதற்குச் செங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவோடும், பாலைவன ஒட்டகப் பாதைகளின் வழியே வட அரேபியக் குலங்களோடும், யொக்தானின் இன்னொரு குமாரனாகிய அசர்மாவேத், அதாவது அண்டை நிலமான ஹத்ரமௌத்தோடும் உறவு இருந்தது. ஒரு தேசத்துக்கு மூன்று பக்க உறவு இருந்தால், வம்சவரலாறும் அதை மூன்று இடத்தில் எழுதுகிறது.

கானானும் அப்படியே. கானானியர் பேசியது எபிரெயத்துக்கு மிக நெருங்கிய மொழி. ஏசாயா 19:18 எபிரெயத்தையே ‘கானான் பாஷை’ என்று அழைக்கிறது. ஆயினும் அவர்கள் சேமின் கீழ் வராமல் எகிப்தோடு சேர்த்துக் காமின் கீழ் வருகிறார்கள். கி.மு. 1500 முதல் ஏறக்குறைய 1150 வரை கானான் நாடு எகிப்தின் ஆட்சியின்கீழ் இருந்ததை நினைத்தால் இந்த வைப்புக்குக் காரணம் தெரிகிறது. மாறாக, எபிரெயம், அரபு முதலியன அடங்கிய செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேராத மொழி பேசிய ஏலாம் சேமின் முதல் குமாரனாக நிற்கிறது. அது மெசொப்பொத்தாமியாவின் கிழக்கு அண்டைநாடு. ‘செமித்திய மொழிகள்’ என்ற பெயரையே 1781இல்தான் ஷ்லோட்ஸர் என்ற ஜெர்மானிய அறிஞர் சேமின் பெயரிலிருந்து உருவாக்கினார். அந்த நவீனப் பாகுபாட்டை இந்த அதிகாரத்தின் மேல் ஏற்றுவது முறையாகாது.

உங்கள் அட்டவணை எனக்கு மிகவும் கவலை தருவது காமைப் பற்றிய பகுதியில்தான். அத்தகைய அட்டவணைகள் காமின் பெயரோடு சாபத்தையும் சேர்த்துக்கொண்டே பரவுகின்றன. 9:25ஐ வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: சபிக்கப்பட்டவன் கானான், காம் அல்ல, கூஷும் அல்ல. இந்த வசனத்தைத் திரித்தே அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டு வரை தங்களை நியாயப்படுத்தினர். எரேமியாவைத் துரவிலிருந்து தூக்கிவிட்ட எபெத்மெலேக் ஒரு கூஷியன் (எரேமியா 38). மோசே மணந்த பெண்ணும் கூஷ் தேசத்தாள் (எண்ணாகமம் 12:1). அந்தப் பெண்ணை முன்னிட்டு மோசேயைக் குறைகூறிய மிரியாமுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அதே அதிகாரத்தில் வாசியுங்கள்.

நிம்ரோத்தைப் பற்றிய 8 முதல் 12 வரையான வசனங்களை விரைவாகவே கடந்துவிடலாம். பாபேல், ஏரேக், அக்காத், நினிவே, காலாகு ஆகியவற்றில் அக்காத்தின் இடம் மட்டுமே இன்னும் தீர்மானமாகவில்லை. ஏரேக், தென் ஈராக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உருக் நகரம்.

பெயர்களை எண்ணிப் பார்க்கும் பயிற்சி ஒன்றையும் கொடுங்கள். நிம்ரோத்தை விட்டுவிட்டு, பெலிஸ்தரைச் சேர்த்து எண்ணினால் யாப்பேத்துக்கு 14, காமுக்கு 30, சேமுக்கு 26, மொத்தம் 70. யூத மரபு ‘எழுபது ஜாதிகள்’ என்று சொல்வது இதனால்தான். இந்த எழுபதில் இஸ்ரவேல் இல்லை. சுமேரிய அரசர் பட்டியல், வானத்திலிருந்து அரசாட்சி தங்கள் எரிது நகரத்தில் இறங்கியதாகத் தொடங்குகிறது. எபிரெயரோ தங்கள் பெயரை விட்டுவிட்டு உலகத்தின் பட்டியலை எழுதினர். ஏபேர் என்ற ஒரு முன்னோனின் பெயரில் மட்டும் ‘எபிரெயர்’ என்பதன் ஒலி கேட்கிறது.

மோவாப், அம்மோன், ஏதோம், மீதியான் போன்ற நெருங்கிய அண்டைநாடுகளும் இங்கே இல்லை. அவற்றின் தோற்றம் லோத்து, ஏசா, கேத்தூராள் பற்றிய பிந்தைய அதிகாரங்களில் குடும்பக் கதையாக வருகிறது. அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். அந்த வாரத்தில் உபாகமம் 2ஐயும் சேர்த்து வாசிப்பது நல்லது. ஏசாவின் மக்களுக்குச் சேயீரையும் லோத்தின் மக்களுக்கு அவர்கள் நிலத்தையும் கர்த்தரே கொடுத்தார், அவர்களோடு போரிட வேண்டாம் என்று அங்கே கட்டளை இருக்கிறது. ஆமோஸ் 9:7 இன்னும் ஒரு படி மேலே போய், இஸ்ரவேலை எகிப்திலிருந்து கொண்டுவந்தவரே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தவர் என்று கேட்பவர்கள் திடுக்கிடும்படி சொல்கிறது. கப்தோர் என்பது கிரேத்தா தீவு என்பது பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

தென்னிந்தியரை அந்த அட்டவணை காமின் கீழ் வைத்ததற்கு இந்த அதிகாரத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அதன் உலகம் கிழக்கே ஏலாமோடும், தெற்கே கூஷ், யேமனோடும் முடிந்துவிடுகிறது. இந்தியாவின் பெயர் எபிரெய வேதத்தில் முதன்முதலில் வருவது எஸ்தர் 1:1இல், ‘இந்து தேசம்’ என்று. மூலத்தில் ‘ஹோது’, பாரசீகப் பேரரசின் சிந்து மாகாணம். யொக்தானின் குமாரனாக 29ஆம் வசனத்தில் வரும் ஓப்பீர் இந்தியாவே, இலங்கையே என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதன் இடம் இன்றும் விவாதத்தில் இருப்பதால், தர்ஷீஸ், மாகோகு, தீராஸ் ஆகியவற்றோடு அதையும் வரைபடத்தின் ஓரத்தில் கேள்விக்குறியோடு எழுதுங்கள். கிரேக்கத் தீவுகள் முதல் ஈரான் வரையும், கருங்கடல் முதல் யேமன் வரையும் தெரியும் வெற்று வரைபடம் ஒன்றை ஆளுக்கொரு பிரதியாகக் கொடுத்து, மூன்று வண்ணப் பென்சில்களால் வகுப்பினரே குறிக்கட்டும். சேபாவின் மேல் இரண்டு வண்ணம் படிய வேண்டும்.